யூபிஎஸ் இருக்குன்னு நிம்மதியா தூங்காதீங்க

அமெரிக்காவுல கரண்ட் போகுமான்னு கேக்கறவங்களுக்கு: நல்லாவே போகும். மழைத்தண்ணி கிளையிலயே உறைஞ்சு, பாரம் தாங்காம கிளை ஒடிஞ்சு கம்பி மேல விழுந்தா இங்கயும் மெழுகுவத்திதான்.

போன மாசம் ஒரு ஞாயிறு ராத்திரி அப்படித்தான் போச்சு. எங்க லேப்ல நாலு லினக்ஸ் சர்வர் இருக்கு, பகுதிநேரமா பாத்துக்கறது நான். யூபிஎஸ்ஸும் இருக்கு. 25 நிமிஷம் தாங்கும்னு அதோட டிஸ்ப்ளே சொல்லும். தாங்கினது 6 நிமிஷம். அப்புறம் நாலும் ஒரே நேரத்துல பொத்துன்னு படுத்துடுச்சு. பேட்டரிக்கு வயசு அஞ்சுக்கு மேல. அதைவிடக் கொடுமை, யூபிஎஸ்ஸையும் சர்வரையும் இணைக்கிற யூஎஸ்பி கேபிள் பிரிக்காம அட்டைப்பெட்டியிலயே கிடந்துச்சு. கரண்ட் போனது யூபிஎஸ்ஸுக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது.

கூட ஆராய்ச்சி பண்ற ஒரு சீனத் தோழியோட 9 நாள் சிமுலேஷன் போச்சு. செக்பாயிண்ட் ஃபைலை அழிச்சு எழுதிட்டிருந்த நேரம், அதனால பழசும் இல்ல புதுசும் இல்ல. "பரவாயில்ல"ன்னாங்க. திட்டியிருந்தா தேவல.

நம்மள்ல பலபேர் யூபிஎஸ்ஸை வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி நினைச்சுக்கறோம்னு தோணுது. 2012-ல தமிழ்நாட்டுல மணிக்கணக்கா கரண்ட் இல்லாதப்ப ஃபேன் ஓட வெச்சது இன்வெர்ட்டர். சர்வர் ரூம்ல இருக்கறது அதுக்கில்ல. மூட்டை கட்டிக் கிளம்பறதுக்குக் கிடைக்கிற அவகாசம், அவ்வளவுதான்.

ஏன்னா யூனிக்ஸ் எழுதச் சொன்னதை உடனே டிஸ்க்ல எழுதறதில்ல. மெமரியில வெச்சிருந்து அப்புறம் எழுதும், லினக்ஸ்ல சாதாரணமா அரை நிமிஷம் வரைக்கும்கூட. அந்தக்கால ஆளுங்க 'சிங்க்'னு மூணு தடவை தட்டிட்டு மெஷினை நிறுத்தினது சும்மா இல்ல. "அதான் ஜர்னலிங் இருக்கே"ன்னு வாதாடறவங்களுக்கு: அது ஃபைல் சிஸ்டத்தோட கட்டமைப்பைக் காப்பாத்தும். உங்க ஃபைலுக்குள்ள இருக்கறதுக்கு உத்தரவாதம் தராது.

இப்ப நட் (நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்) போட்டிருக்கேன். முதல்ல கணக்குப் போடற மூணு மெஷினும் இறங்கணும், என்எஃப்எஸ் சர்வர் கடைசியா. மாத்தி இறக்கினா மத்ததெல்லாம் அதுக்காகக் காத்துக்கிட்டுத் தொங்கும். நெட்வொர்க் ஸ்விட்சும் யூபிஎஸ்ல இருக்கணும், இல்லன்னா இறங்கச் சொல்ற தகவலே போய்ச் சேராது (முதல்ல மறந்தேன்). பேட்டரி தீரப்போகுதுன்னு யூபிஎஸ் சொல்ற வரைக்கும் காத்திருக்காம, கரண்ட் போய் 3 நிமிஷத்துலயே இறக்கச் சொல்லிட்டேன். "4 நிமிஷத்துல கரண்ட் வந்துட்டா வேலை வீணாகுமே"ன்னு லேப்ல முணுமுணுப்பு. வீணாகட்டும். வயசான பேட்டரி சொல்ற கணக்கை நம்பி ஒரு தடவை பட்டது போதும்.

இன்னொரு கூத்து: மெஷின் இறங்கிட்டிருக்கும்போதே கரண்ட் வந்துட்டா, அது அணைஞ்சே கிடக்கும். அதுக்குத்தான் கடைசி மெஷின் இறங்கும்போது, வெளியே போற கரண்ட்டைக் கொஞ்ச நேரம் வெட்டிட்டுத் திரும்பக் கொடுன்னு யூபிஎஸ்கிட்ட சொல்லிட்டுப் போகணும். கரண்ட் வந்ததும் தானா எழுந்திருக்க பயாஸ்லயும் ஒரு செட்டிங் இருக்கு.

புது பேட்டரி போட்டு, நேத்து யூபிஎஸ் ப்ளக்கைச் சுவத்துலேர்ந்து பிடுங்கிப் பாத்தேன். மூணு மெஷின் சமத்தா இறங்குச்சு. ஒண்ணு முரண்டு பிடிக்குது :-) அதைச் சரிபண்ணதுக்கப்புறம்தான் தோழிகிட்ட சிமுலேஷனை மறுபடி ஓட்டச் சொல்லணும்.