சட்டத்தில் ‘சாதி’ இருக்கிறது, வழக்குப் போடப்போவது யார்?

2023 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது நம்மில் பலர் இரவெல்லாம் விழித்திருந்து அந்தச் செய்தியைப் பகிர்ந்தோம். ஆதரவாக ஆறு வாக்குகள், எதிராக ஒன்று. தெற்காசியாவுக்கு வெளியே ஒரு நகரம் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. தீர்மானத்தைக் கொண்டுவந்த ஷாமா சாவந்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் யார் தூக்கிச் சுமக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சுமப்பவர் நகரத்தின் தலைமை வழக்குரைஞர். அங்கே ‘சிட்டி அட்டர்னி’ என்பார்கள். சியாட்டிலில் இது நியமனப் பதவி அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயர் நினைத்தால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மேயருக்கும் மன்றத்துக்கும் சட்ட ஆலோசனை, நகரத்தின் மீது வரும் வழக்குகளில் எதிர்வாதம், சிறு குற்றங்களில் வழக்கு நடத்துவது என மூன்று வேலையும் ஒரே அலுவலகத்தில். கடைத்திருட்டில் பிடிபட்ட வீடற்றவர் சிறைக்குப் போவதா, மறுவாழ்வுக்குப் போவதா என்பதிலும் இவருடைய கை இருக்கிறது.

நமக்கு முக்கியமானது இன்னொரு வேலை. வேலையிடத்திலோ வாடகை வீட்டிலோ சாதிப் பாகுபாடு என்று ஒருவர் புகார் கொடுத்தால் நகரத்தின் குடிமை உரிமைகள் அலுவலகம் அதை விசாரிக்கும். வேலையிடப் புகாரில் பாகுபாடு நடந்திருக்கிறது என்று அது கண்டறிந்து, சமரசமும் முறிந்துபோனால், கோப்பு சிட்டி அட்டர்னியிடம் போகும். வழக்குத் தொடுக்க சட்ட அடிப்படை இல்லை என்று அவர் கருதினால் அங்கேயே நிற்கும். நகர மன்றத்தில் ஆறு பேர் கை தூக்கிக் கொண்டுவந்த சட்டத்தின் வாசலில் சாவியோடு நிற்பவர் இந்த ஒருவர்தான்.

சட்டம் வந்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் ஆன் டேவிசன். குடியரசுக் கட்சிக்காரர், 2021 தேர்தலில் வென்றவர். சிறு குற்றவாளிகளுக்கு மாற்று வழி காட்டிய சமூக நீதிமன்றத்திலிருந்து 2023இல் தன் அலுவலகத்தை விலக்கிக்கொண்டவர். அதே ஆண்டில் சாதித் தடைச் சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. சோசலிஸ்ட் ஒருவர் கொண்டுவந்த சட்டத்துக்காக வாதாடியது இந்தக் குடியரசுக் கட்சிக்காரரின் அலுவலகம்! பதவியின் கடமை அப்படி. வழக்குத் தொடுக்கும் தகுதி மனுதாரருக்கு இல்லை என்று 2024இல் அது தள்ளுபடியானது.

ஆனால் சட்டத்தைக் காப்பாற்றுவதும் அதைக் கொண்டு ஒரு முதலாளியைக் கூண்டில் ஏற்றுவதும் ஒன்றல்ல. முன்னதற்குக் கடமை போதும். பின்னதற்கு மனம் வேண்டும், சாதி எப்படி இயங்குகிறது என்ற அறிவும் வேண்டும். குடும்பப் பெயரைக் கேட்பது, முதுகைத் தட்டிப் பூணூல் தேடுவது, ‘சைவமா?’ என்று விசாரிப்பது, இதெல்லாம் பாகுபாட்டின் சாட்சியம் என்று அமெரிக்க வழக்குரைஞருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை 2020இல் தொடுத்த வழக்கை நினைத்துப் பாருங்கள். உலகமே பேசிய வழக்கு. மேலாளர்கள் இருவர் மீதான பகுதியை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

2025 நவம்பரில் டேவிசனைத் தோற்கடித்தவர் எரிகா எவன்ஸ். அந்தப் பதவிக்கு வரும் முதல் கறுப்பினத்தவர். இவருடைய தாத்தா லீ எவன்ஸ் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 43.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்து, கறுப்புத் தொப்பியோடு மேடையேறியவர். தாத்தாவைச் சொல்லிப் பேத்தியை எடைபோடுவது நமக்கு ஒவ்வாத பழக்கம். பிறப்பால் தகுதி வருவதில்லை என்பதற்காகத்தானே இத்தனை சண்டை? நாம் பார்க்க வேண்டியது அவருடைய வேலையை. கூட்டாட்சி அரசின் வழக்குரைஞராகக் குடிமை உரிமை வழக்குகளைக் கையாண்டவர், டிரம்ப் ஆட்சி வந்தபின் 2025இல் அந்த வேலையை விட்டு வெளியேறியவர்.

நம் ஊரிலும் இந்த வாசலை நாம் அறிவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் பாதிக்கப்பட்டவர் தனக்கு நம்பிக்கையான வழக்குரைஞரைக் கேட்டுப் பெற 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5) இடம் தருகிறது. அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று ஊர்த்தெருவில் அடிவாங்கிய எவரும் சொல்வார்கள்.

சியாட்டிலில் வேலை பார்க்கும் தமிழ்த் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய சிட்டி அட்டர்னியிடம் நேரம் கேளுங்கள். சாதிப் புகார் எத்தனை வந்தது, எத்தனை கோப்பு அவர் மேசைக்கு வந்தது, எத்தனை அங்கேயே நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். போகும்போது சாதியை உள்ளிருந்து அறிந்த தலித் தோழர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசட்டும்.