எல்லாமே 'புனித' இல்லை

நாகை மாவட்டத்துக்கு வரும் யாத்ரீகர்களுக்கான ஒரு செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பு போன வருடம் என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் 'ஹோலி' (பண்டிகை இல்லை, அடைமொழி) இருந்த இடத்திலெல்லாம் 'புனித' போட்டிருந்தார்கள். புனித நாகூர், புனித சாம்பல், புனித தண்ணீர். உம்மாவிடம் காட்டினேன். "புனித நாகூரா? இது எந்த ஊரு வாப்பா?"

எங்களுக்கு அது நாகூர் ஷரீஃப். சிக்கல் கோயிலில் தருவது திருநீறு, அதைச் சாம்பல் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். தீர்த்தம் என்றாலே போதும், முன்னால் எந்த அடையும் வேண்டாம். கத்தோலிக்கர்களுக்குத் தூய ஆவி, புராட்டஸ்டன்ட்களுக்குப் பரிசுத்த ஆவி. இன்றைய புனித அந்தோணியார் பழைய ஜெபப் புத்தகங்களில் அர்ச்சிஷ்ட அந்தோணியார்.

இதையெல்லாம் சொன்னேன். "ஜெர்மன்ல ஒரே வார்த்தைதான், அங்க பிரச்சினையே வரல" என்றார்கள். பொய். ஜெர்மனில் 'ஹைலிக்' நிறைய இடங்களில் பொருந்தும், வேதத்துக்கும் ஆவிக்கும் அதுதான். ஆனால் தேவாலயத்துத் தீர்த்தம் 'வைவாசர்'. சாம்பிராணி, கிறிஸ்துமஸ் இரண்டின் பெயரும் அதே 'வை'யில்தான் தொடங்கும். அங்கேயும் ஒரு சொல் போதவில்லை.

நானும் இன்ஜினியர்தான். 'சேமி' என்ற பொத்தான் எல்லாத் திரையிலும் 'சேமி'யாகவே இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடைமொழி பொத்தான் இல்லை. பக்கத்தில் நிற்கும் பெயரையும் அதைச் சொல்லும் வாயையும் பார்த்துத்தான் அது உருவெடுக்கும்.

ஜெர்மன் உதாரணமே வேண்டுமென்றால் நாகூருக்கு வடக்கே, காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பின்னால் வந்த ஃபப்ரீசியஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் அதை மறுபடியும் மொழிபெயர்த்தார். மதம் மாற்ற வந்தவர்களுக்கே ஊர்ப் பேச்சைக் கேட்கும் பொறுமை இருந்தது. நமக்கு 'எல்லாவற்றையும் மாற்று' ஒரே சொடுக்கு.

'பொதுச்சொல்தானே, யாருக்கு நஷ்டம்?' என்பவர்களுக்கு: இந்தக் கோப்புகளைத் தின்றுதான் நாளைய இயந்திரம் தமிழ் பேசும். அதில் ஷரீஃப் இல்லையென்றால், சொந்த ஊரிலேயே என் உம்மாவின் தமிழ் பிழையாகிவிடும்.

ஒரு வரியை ஆறாகப் பிரித்துத் திருப்பி அனுப்பினேன். 'புனித'வுக்கும் ஒரு வரி உண்டு. 'சீர்மை இல்லை' என்று பதில் வந்தது. இல்லைதான். எங்கள் ஊரும் அப்படித்தான்.