முதல் அறிக்கையை யார் எழுதுவது?

கிள்ளான் ஆறு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடுகிறது. 2004 ஏப்ரலில் அந்த ஆற்றிலிருந்து பிரான்சிஸ் உடையப்பன் என்ற இளைஞரின் உடலை எடுத்தார்கள். கைத்தொலைபேசித் திருட்டுச் சந்தேகத்தில் பிரிக்பீல்ட்ஸ் போலீசார் பிடித்து வைத்திருந்தவர் அவர். தப்பியோடி ஆற்றில் குதித்தார், மூழ்கிவிட்டார் என்றது போலீஸ். தாயார் அதை ஏற்கவில்லை. மரண விசாரணை நடந்தது. தப்பிக்க முயன்றபோது மூழ்கி இறந்தார் என்றே அதன் முடிவும் வந்தது.

சட்டத்தின் கணக்கில் அது முடிந்துபோன வழக்கு. ஆனால் மலேசியத் தமிழர்களிடையே தடுப்புக்காவல் மரணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உடையப்பனின் பெயரும் எழுகிறது. நீதிமன்றம் சொல்லியும் மக்கள் நம்பாததற்குக் காரணம் உண்டு. அவரை யார் பிடித்து வைத்திருந்தார்களோ, அவர் எப்படி இறந்தார் என்பதை முதலில் சொன்னவர்களும் அவர்களே. பிறகு வந்த விசாரணைகள் எல்லாம் அந்த முதல் அறிக்கையின் மேல் எழுந்தவை.

இத்தகைய முதல் அறிக்கைகளை வரிசையாகப் படித்துப் பார்ப்பவருக்கு, போலீஸ் மீதான அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று வேறு விளக்கம் தேவைப்படாது.

2009 ஜனவரி 14-ஆம் தேதி கைதான அ. குகனுக்கு வயது 22. ஆறு நாள் கழித்து, 20-ஆம் தேதி, சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், சாய்ந்துவிட்டார் என்று சொல்லப்பட்டது. முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது. குடும்பத்தார் செர்டாங் மருத்துவமனைச் சவக்கிடங்குக்குள் நுழைந்து உடலைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். முதுகிலும் கால்களிலும் இருந்த காயங்களை நாடே பார்த்தது. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடிபட்டுச் சிதைந்த தசையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்றது அது. ஒரே உடலைப் பற்றி இரண்டு மருத்துவ அறிக்கைகள். சுகாதார அமைச்சு அமைத்த குழுவோ இதயத் தசை அழற்சியை முன்னே வைத்து மூன்றாவதாக ஒன்று சொன்னது.

சவக்கிடங்குக்குள் அந்தக் குடும்பம் நுழையாமல் இருந்திருந்தால் அந்த நுரையீரல் நீரே இன்றுவரை அரசின் பதிலாக இருந்திருக்கும். மகனை இழந்த தாய், துக்கத்துக்கு நடுவே, ஆதாரம் திரட்டும் வேலையையும் தானே செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கான்ஸ்டபிள் மீது காயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜூனில், தாயார் தொடுத்த சிவில் வழக்கில் நீதிபதி வி.டி. சிங்கம் 8,01,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கினார். சம்பவம் நடந்தபோது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்த காலிட் அபு பக்காரையும் அத்தீர்ப்பு பொறுப்பாக்கியது. தீர்ப்பு வந்த நாளில் அவர் நாட்டின் போலீஸ் படைத் தலைவர். இழப்பீட்டில் தண்டனையாக விதிக்கப்பட்ட பகுதியைக் கூட்டரசு நீதிமன்றம் பின்னாளில் நீக்கிவிட்டது.

அதே 2013 மே மாதம் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் ந. தர்மேந்திரன் இறந்தார். மூச்சுத் திணறல், ஆஸ்துமா என்பது முதல் பேச்சு. பிரேதப் பரிசோதனையில் 52 காயங்கள். காதுகளில் காகிதம் கோக்கும் ஸ்டேப்ளர் ஊசிகள். போலீஸ்காரர் நால்வர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது, நால்வரும் விடுதலையானார்கள். அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையமான இஏஐசி தனியாக விசாரித்து, போலீசார் பயன்படுத்திய வன்முறையால்தான் அவர் இறந்தார் என்று 2016-இல் அறிவித்தது. அடித்ததால் இறந்தார் என்கிறது அரசின் ஒரு நிறுவனம். கொன்றதாக எவர் மீதும் நிரூபணமாகவில்லை என்கிறது நீதிமன்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் நிற்கிறது.

கிள்ளானில் நடந்தது இன்னும் கொடியது. 2017 பிப்ரவரியில் வட கிள்ளான் போலீசார் பிடித்த ச. பாலமுருகனை மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அவர் இருந்த நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரிமாண்டுக்கு அனுமதி மறுத்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கைதான ஒருவரைக் காப்பாற்ற அரசியலமைப்பு வகுத்திருக்கும் வழி இதுதான். ஐந்தாவது பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட்டும் தன் கடமையைச் சரியாகச் செய்தார். பாலமுருகனோ திரும்பவும் போலீஸ் நிலையத்துக்கே கொண்டுபோகப்பட்டார். மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். இதய நோய் என்றது முதல் பரிசோதனை. குடும்பத்தார் வற்புறுத்தி நடத்த வைத்த இரண்டாவது பரிசோதனை, இதய நோயோடு உடலில் விழுந்த அடிகளையும் சேர்த்துச் சொன்னது.

நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டியதும் ஒரு மாஜிஸ்திரேட்டின் சொல் செல்லாமல் போகும் என்றால், சாதாரண ஒருவர் எதை நம்பி லோக்காப்புக்குள் காலடி வைப்பார்?

போலீஸ் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதைக் கேட்டே ஆக வேண்டும். லோக்காப்புக்கு வருபவர்களில் பலர் போதைப் பழக்கத்தாலும் காசநோய், இதய நோய் போன்றவற்றாலும் ஏற்கெனவே நலிந்தவர்கள்; எல்லா மரணமும் அடியால் வந்ததில்லை என்கிறார்கள் அதிகாரிகள். உண்மைதான். ஆனால் நோயால் இறந்தார் என்று சொன்னவுடன் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2012 செப்டம்பரில் டாங் வாங்கி லோக்காப்பில் லாரி ஓட்டுநர் பெ. சந்திரன் இறந்தார். அவரை யாரும் அடித்ததாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்கான மருந்து அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அந்தப் புறக்கணிப்பே மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் கண்டது. கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருப்பவரே உள்ளே இருப்பவரின் மாத்திரைக்கும் பொறுப்பாளி. இயற்கை மரணம் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதைப் போலீசே சொன்னால் ஊர் நம்பாது. வெளியார் ஒருவர் விசாரித்துச் சொன்னால் நம்பும். சுயேச்சையான விசாரணை நேர்மையான போலீஸ்காரருக்கும் கவசம்.

சட்டம் இல்லாமலில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவு, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்கிறது. நடைமுறை என்ன? 2004-இல் பிரதமர் அப்துல்லா படாவியின் அரசு, முன்னாள் தலைமை நீதிபதி முகமட் ஸைடின் தலைமையில் அரச ஆணையம் அமைத்தது. மறு ஆண்டு வெளியான அதன் அறிக்கை, 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததாகவும், அவற்றில் ஆறுக்கு மட்டுமே மரண விசாரணை நடந்ததாகவும் கணக்குச் சொன்னது. எண்பதில் ஆறு. மற்ற 74 மரணங்களிலும் போலீசின் முதல் அறிக்கையே கடைசி அறிக்கையாகவும் ஆகிவிட்டது.

அந்த ஆணையம் தந்த 125 பரிந்துரைகளில் முதன்மையானது ஐபிசிஎம்சி எனும் சுயேச்சைப் புகார் ஆணையம்: புகாரை விசாரிக்கவும், தவறு செய்தவரைத் தண்டிக்கவும் அதிகாரமுள்ள வெளி அமைப்பு. போலீஸ் எதிர்த்தது. அதற்குப் பதிலாக 2009-இல் இஏஐசி சட்டம் வந்தது. பல அமலாக்கத் துறைகளையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்து, பரிந்துரை செய்வதோடு நிற்கும் அமைப்பு அது. 2019-இல் பக்காத்தான் கூட்டணி அரசு ஐபிசிஎம்சி மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்சி கவிழ்ந்தது, மசோதாவும் கைவிடப்பட்டது. 2022 ஜூலையில் நிறைவேறி 2023 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த, போலீஸ் நடத்தை ஆணையத்துக்கான ஐபிசிசி சட்டத்தில், தண்டிக்கும் அதிகாரம் இல்லை. தன் முடிவை அந்த ஆணையம் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். லோக்காப்பைப் பார்க்கப் போவதென்றால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போக வேண்டும். சொல்லிவிட்டு வரும் சோதனைக்கு எந்த லோக்காப்பும் சுத்தமாகத்தான் இருக்கும். 2005-இல் கேட்டது ஒன்று, 18 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது வேறொன்று.

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்த துயரம் என்று சுருக்கவும் கூடாது. 2010 ஏப்ரலில் ஷா ஆலமில் போலீஸ் குண்டுக்குப் பலியான அமினுல்ரஷிட் அம்ஸா ஒரு மலாய்ப் பள்ளி மாணவன். காரில் பாராங் கத்தி இருந்தது என்று அப்போதும் ஒரு முதல் அறிக்கை வந்தது. ஆனால் நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய ஏழு விழுக்காடே உள்ள இந்தியர்களின் பெயர்கள் காவல் மரணச் செய்திகளில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட முடியாது. 2021 ஏப்ரலில் கோம்பாக் போலீஸ் காவலிலிருந்து மருத்துவமனைக்குப் போய், கால் துண்டிக்கப்பட்டு இறந்த பால் வியாபாரி அ. கணபதி, அடுத்த மாதம் அதே கோம்பாக் போலீசார் பிடித்த சற்று நேரத்தில் இறந்த சிவபாலன். காவலுக்கு வெளியிலும் இதே கதைதான்: 2025 நவம்பர் 24-ஆம் தேதி மலாக்கா டுரியான் துங்கலில் மூன்று இந்திய இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாராங்கால் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். குடும்பத்தார் ஒரு தொலைபேசி ஒலிப்பதிவை வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே அந்த வழக்கைக் கொலைப் பிரிவான 302-இன் கீழ் விசாரிக்கும்படி சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் சொல்லிவிட்டது. இங்கும் முதல் அறிக்கையை அசைத்தது, இறந்தவரின் வீட்டார் கையில் தற்செயலாக இருந்த ஆதாரம்.

அவநம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர்களும் இதே மக்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றது. அந்தக் கும்பல்களிடம் மாமூல் கொடுத்துக் கடை நடத்துபவர்களும் இந்தியர்களே, அவர்களிடம் பிள்ளைகளைப் பறிகொடுப்பவர்களும் இந்தியர்களே. போலீஸ் வேண்டாம் என்று இவர்களில் யாரும் சொல்வதில்லை. “ரிப்போர்ட் போட்டா நமக்குத்தான் வம்பு” என்று சொல்லிக்கொண்டு பாலாய் எனும் போலீஸ் நிலையத்தின் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாமல் போகிறது, கும்பல் தழைக்கிறது, அதை ஒடுக்கப் போலீஸ் மேலும் கடுமையாக இறங்குகிறது.

பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் தலைமையகத்தில் 2009 மே 7-ஆம் தேதி இரவு நடந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். மெழுகுவத்தி ஏந்திக் கூடியவர்களைப் போலீசார் கைது செய்தார்கள். அவர்களைப் பார்க்க வழக்கறிஞர் மன்றத்தின் இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து ஐந்து வழக்கறிஞர்கள் வந்தார்கள். கைதானவர்களைச் சந்திக்க விடாமல், அந்த ஐவரையே பிடித்து இரவு முழுக்க உள்ளே வைத்தார்கள். மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் விசாரித்து, அது உரிமை மீறல் என்றது. கைதானவர் வழக்கறிஞரோடு பேசலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அப்போதே இருந்தது. பூட்டிய கதவுக்குள் நுழையக்கூடிய முதல் வெளியார் வழக்கறிஞர். அவர் உள்ளே இருந்தால் முதல் அறிக்கையை ஒருதலையாக எழுத முடியாது.

தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது, அவர்கள் தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை காத்திருக்கவில்லை. அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க உத்தரவிட்டது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவரிடம் நடந்ததைச் சொன்னார். ஆதாரம் இருந்த இடம் போலீஸ் கையைவிட்டுப் போனபின் வழக்கின் திசையே மாறியது.

மலேசியாவிலும் 2014 முதல் மரண விசாரணைக்கென்று தனி நீதிமன்றங்கள் இயங்குகின்றன. 2022 முதல் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் காவல் மரணங்களை விசாரிக்கத் தனிப் பிரிவும் உண்டு. அந்தப் பிரிவில் இருப்பவர்களும் போலீஸ் அதிகாரிகளே. அதனால், காவலில் ஒருவர் இறந்த அந்த மணி நேரத்திலேயே லோக்காப்பின் கேமராப் பதிவும் பதிவேடும் மரண விசாரணை நீதிபதியின் கைக்குப் போக வேண்டும். இரண்டாவது பிரேதப் பரிசோதனை, குடும்பம் கேட்டுக் கெஞ்சாமல், அரசு செலவில் நடக்க வேண்டும். ஐபிசிசி சட்டத்தில் முன்னறிவிப்பு கேட்கும் அந்த ஒரு விதியை நீக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திருத்த மசோதா போதும். அதைக் கேட்டு வாங்கும் கடமை, ஒவ்வொரு மரணத்துக்கும் அனுதாபம் தெரிவித்துவிட்டு அடுத்த தேர்தலுக்குக் கிளம்பும் இந்திய வம்சாவளி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு.