முகவுரை வேண்டாக் கட்டுரை

மாணவர்காள், மழையைக் குறித்துக் கட்டுரை வரைகவென்றால் நம்மவருட் பலர் உலகத் தோற்றத்தினின்றே தொடங்குகின்றனர். ஐம்பூதங்களை எண்ணி, நீரின் பெருமையைப் பொதுவகையாற் புகழ்ந்து, மழையை வந்தடையுமுன் குறித்த நேரங் கழிந்துவிடுகின்றது. இம்முகவுரையோ விலைக்கு வாங்கிய கட்டுரைக் கோவையொன்றிலிருந்து நெட்டுருச் செய்யப்பட்டது. பெயரை மாத்திரம் மாற்றினாற் காற்றுக்கும் கல்விக்கும் அதுவே பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்துவது எதற்கும் உரியதன்று என்பது எமது துணிபு.

பிரெஞ்சு ஆசிரியராகிய மொந்தேன் 1580-ஆம் ஆண்டில் தம் உரைகளை வெளியிட்டபோது அவற்றிற்கு இட்ட பெயர் முயற்சி, சோதனை எனப் பொருள்படுவதாம். தம் மனத்தைத் தாமே சோதித்தறிதலே அவர் கருத்து. கைப்பெருவிரலைப் பற்றியும் அவருடைய சிற்றுரையொன்று உண்டு. பொருளின் சிறுமை அவர்க்குத் தடையாயிற்றில்லை. நெட்டுருவில் முயற்சி ஏது, சோதனை ஏது?

ஆதலின், முதலில் நீவிர் கண்ட மழையொன்றை நினைவிற் கொணர்மின். அஃது ஐப்பசி அடைமழையோ, சித்திரையில் இடியொடு வந்த கோடைமழையோ? அதனாற் குளம் நிறைந்ததோ, களத்து நெல் நனைந்ததோ? இவற்றிற்கு விடையெழுதத் தொடங்கினாற் கட்டுரையும் தொடங்கிவிட்டது. சொற்கள் எளிதில் வாரா. அடித்தடித்தே எழுதல் வேண்டும். அஃது இழிவன்று. முடித்தபின் முதற் பத்தியைக் கையான் மறைத்துக்கொண்டு ஏனையவற்றைப் படித்துப் பார்மின். ஒன்றுங் குறைவுபடாதாயின் அதனை நீக்கிவிடுமின்.

முகவுரையில்லாவிடின் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பாரென அஞ்சுவாரும் உளர். அன்று காலைமுதல் அம்முகவுரையையே அவர் எத்தனை விடைத்தாள்களிற் படித்திருப்பார்!