விளம்பரத்தை விற்றவரும் பதில் சொல்லட்டும்

மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைக்கிறார். சில ஆயிரம் ரூபாய் போட்டால் மாதந்தோறும் லட்சக்கணக்கில் வருமானம் வரும் என்கிறார். முகம் அவருடையது, குரலும் அவருடையது போலத்தான் இருக்கிறது. உதட்டசைவு மட்டும் பேச்சோடு ஒட்டாமல் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட இப்படிப்பட்ட போலிக் காணொளிகளை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறது. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியும் தம் முகத்தைத் திருடி இப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று 2023-லேயே எச்சரித்தார். ஆனால் முகங்கள்தான் மாறுகின்றன, விளம்பரம் நிற்கவில்லை. இவை யாரோ விளையாட்டாகப் பகிர்ந்த காணொளிகள் அல்ல. பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய விளம்பரங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருக்கும். அந்தக் காசை வாங்கிக்கொண்டவர் யார் என்பதைத்தான் நம் நாட்டில் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

இந்த வலை எப்படி இறுகுகிறது என்பதைக் காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவினர் மனப்பாடமாகச் சொல்வார்கள். விளம்பரத்தைத் தொட்டால் ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு திறக்கும். அங்கே 'பேராசிரியர்' ஒருவர் காலையும் மாலையும் எந்தப் பங்கை வாங்கலாம் என்று பாடம் நடத்துவார். தங்களுக்குக் கிடைத்த லாபத்தைப் படம் பிடித்துப் போட்டு நன்றி சொல்ல நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் அவர்களுடைய ஆட்கள். பிறகு ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். முதலில் ஐயாயிரம், பத்தாயிரம் போட்டால் திரையில் அது ஏறிக்கொண்டே போகும். சோதித்துப் பார்க்க இரண்டாயிரம் எடுத்தால் வங்கிக் கணக்குக்குப் பணம் உடனே வந்துவிடும். சந்தேகம் அறுபடும் இடம் அதுதான். அதன் பிறகு பணிக்கொடை, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த வைப்புநிதி, நகைக்கடன் என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். பெரிய தொகையைத் திரும்ப எடுக்கப் போனால் முதலில் 'வரி' கட்டு என்பார்கள். கட்டினால் 'சேவைக் கட்டணம்' என்பார்கள். அதையும் கட்டிய பிறகு குழுவே காணாமல் போயிருக்கும்.

2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த பணம் ரூ.22,845 கோடி என்று மத்திய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. முந்தைய ஆண்டைவிட இது ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் எல்லாம் விளம்பரம் வழியாகப் போனதல்ல. 'டிஜிட்டல் கைது' உண்டு, கடன் செயலிகள் உண்டு, வெறும் தொலைபேசி அழைப்புகளும் உண்டு. ஆனால் போலி முதலீட்டு மோசடிக்குப் பல நேரங்களில் வாசற்படியாக இருப்பது சமூக ஊடக விளம்பரம்தான். இதற்கு அரசு தந்த பதில் என்ன? 1930 என்ற உதவி எண், விழிப்புணர்வுப் பிரசாரம், யாரை அழைத்தாலும் பல மாதங்களுக்கு முதலில் காதில் விழுந்த எச்சரிக்கைக் குரல். எல்லாமே ஏமாறக்கூடியவரைப் பார்த்துச் சொல்லப்படுபவை. உதவி எண் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பணம் போன முதல் ஒரு மணி நேரத்தில் அந்த எண்ணை அழைத்துத் தொகையை முடக்கி மீட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றும் விளம்பரத்தை விற்பவரை விட்டுவிட்டு அதைப் பார்ப்பவருக்கு மட்டும் பாடம் எடுப்பது அரசின் கடமையாகாது.

அந்த விற்பனை எவ்வளவு பெரியது என்பதற்கு 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வே சான்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்களை அது ஆராய்ந்தது. 2024-இல் தன் வருவாயில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்த நிறுவனமே கணக்குப் போட்டிருந்தது. மோசடி என்பதற்கான தெளிவான அடையாளங்கள் உள்ள விளம்பரங்கள் நாளொன்றுக்கு 1,500 கோடி முறை பயனர்களுக்குக் காட்டப்பட்டதாகவும் ஓர் ஆவணம் மதிப்பிடுகிறது. தன் மதிப்பீட்டில் சேர வேண்டாதவையும் சேர்ந்துவிட்டன, அது தோராயமானது, மோசடி விளம்பரங்கள் குறித்த புகார்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று மெட்டா மறுப்புச் சொன்னது. அதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த ஆவணங்களில் இருந்த ஒரு விதிக்கு எந்த மறுப்பும் சமாதானம் ஆகாது. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர்தான் என்று 95 சதவீதம் உறுதியானால் மட்டுமே அவரைத் தடை செய்வார்களாம். அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் அவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பார்களாம். திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்பட்டு, அதற்காகவே அதிக வாடகை கேட்டு, கிடங்கில் இடம் கொடுப்பது போன்றது இது. இன்னொன்றையும் அந்தச் செய்தி சொன்னது. மோசடி விளம்பரம் ஒன்றைத் தொட்டவருக்கு, அவருடைய 'விருப்பம்' அது என்று கணினி எடுத்துக்கொண்டு, அதே போன்ற விளம்பரங்களை மேலும் மேலும் காட்டும். ஒரு முறை ஏமாந்தவரை மறுபடி தேடிப் போய்க் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது.

நம் நாட்டில் இந்த நிறுவனங்கள் தலைக்கு மேல் பிடிக்கும் குடை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு. பயனர்கள் போடும் பதிவுகளுக்கு இடைநிலை நிறுவனம் பொறுப்பாகாது என்று அது பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்புக்கு நியாயமான பின்னணி உண்டு. 2004-இல் பாஜி.காம் என்ற வணிகத் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்ததற்காக, அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியே கைது செய்யப்பட்டார். கோடிக்கணக்கானோர் எழுதும் இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிறுவனத்தைச் சிறைக்கு அனுப்பினால் யாராலும் தளம் நடத்த முடியாது. பயத்தில் எல்லாவற்றையும் நீக்கத் தொடங்கினால் சாமானியரின் பேச்சுரிமைதான் முதலில் பறிபோகும். 2008-இல் சட்டம் திருத்தப்பட்டு இந்தப் பாதுகாப்பு விரிவடைந்ததும், 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வலு சேர்த்ததும் சரியே. பதிவுகளைப் பொறுத்தவரை அந்தக் குடை இருக்கத்தான் வேண்டும்.

விளம்பரம் பதிவு அல்ல. அது கட்டணம் வாங்கிச் செய்யும் வியாபாரம். 79-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: செய்தியைப் பெறுபவர் யார் என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் அங்கே ஒரு நிபந்தனையாக வருகிறது. விளம்பர வியாபாரத்தில் இந்த நிறுவனங்கள் விற்பதே அந்தத் தேர்வைத்தான். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர், இந்த ஊர்க்காரர், வைப்புநிதி வட்டி விகிதத்தை அண்மையில் தேடியவர் என்று சலித்து எடுத்து, அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் விலை. பெறுபவரைத் தேர்ந்தெடுத்து, ஏலம் நடத்தி, கட்டணம் வாங்கி, எத்தனை பேர் தொட்டார்கள் என்று கணக்கும் கொடுத்துவிட்டு, 'நாங்கள் வெறும் தபால்காரர்கள்' என்று சொல்ல முடியாது. தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூகுள் தொடர்பான ஒரு வணிகச் சின்ன வழக்கில் இதையொட்டியே தீர்ப்பளித்தது. விளம்பரத் திட்டத்தில் கூகுள் தீவிரப் பங்காளி. வணிகச் சின்ன உரிமை மீறல் நடந்திருந்தால் 79-ஆவது பிரிவின் பாதுகாப்பை அது கோர முடியாது என்றது அந்த அமர்வு. ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்துக்குக் கிடைத்த நியாயம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் சேமிப்புக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அச்சில் வரும் விளம்பரத்தை எண்ணிப் பாருங்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைத் தாங்கி வருகிறது. நோயை மாயமாகக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், விளம்பரம் கொடுத்தவரை மட்டுமல்ல, வெளியிடுவதில் பங்கெடுத்தவரையும் பிடிக்கும். இந்தக் கோரிக்கையில் பத்திரிகைகளுக்கு ஆதாயம் இருக்கிறதே, ஒரே விளம்பரக் காசுக்குத்தானே இருவரும் போட்டி என்று கேட்கலாம். ஆதாயம் உண்டு, மறைக்கவில்லை. பத்திரிகைகளாகிய நமக்கு இருக்கும் பொறுப்பை இணைய நிறுவனங்களும் ஏற்கட்டும் என்கிறோம். நம் பொறுப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை.

சிறு வணிகர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற எதிர்வாதம் வரும். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்கும் பெண்ணும், திருப்பூரில் பத்துத் தையல் எந்திரங்களை வைத்துப் பனியன் தைப்பவரும் இன்று ஐந்நூறு ரூபாய்க்கு விளம்பரம் போட்டு வியாபாரம் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களிடம் அடையாளச் சான்று கேட்டால் சுமையாகிவிடுமா? அதே பெண் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆவணங்கள் கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். அனுப்பும் வாசகத்தின் மாதிரிக்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். சிம் அட்டை வாங்கவே ஆதார் கேட்கிறார்கள். இத்தனைக்கும் ஈடுகொடுப்பவருக்கு விளம்பரக் கணக்கில் ஒரு முறை பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் காட்டுவது பாரமே அல்ல. அந்தச் சோதனையால் மாட்டிக்கொள்வது, நாளுக்கொரு பெயரில் கணக்குத் திறந்து போலி முகத்தை விற்பவர்தான். நேர்மையான சிறு வணிகருக்கு உண்மையில் கெடுதல் செய்வதும் அவர்தான். மோசடிக்காரரோடு ஏலத்தில் போட்டியிட வேண்டியிருப்பதால் விளம்பரத்தின் விலை ஏறுகிறது, இணையத்தில் எதையும் வாங்க மக்கள் பயப்படவும் தொடங்குகிறார்கள்.

இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்குத் தைவான் உதாரணம். 2024-இல் அந்த நாடு இயற்றிய மோசடித் தடுப்புச் சட்டம், விளம்பரதாரரின் அடையாளத்தைச் சரிபார்த்து விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்றது. தவறும் தளம் பாதிக்கப்பட்டவருக்கு மோசடிக்காரரோடு சேர்ந்து இழப்பீடு தரவும் வழிசெய்தது. அடுத்த ஆண்டே மெட்டாவுக்கு அபராதமும் விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், மோசடி என்று தெரிவிக்கப்பட்ட பிறகும் நீக்காத தளங்கள், ஏமாந்தவருக்குப் பணம் திருப்பிக் கொடுத்த வங்கிகளுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற உடன்பாடு 2025 நவம்பரில் எட்டப்பட்டது. தைவானின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்ன சந்தையை விட்டே இந்த நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. இந்தியாவை விட்டு ஓடிவிடுமா?

இங்கே புகார் கொடுக்கப் போகிறவரின் நிலையையும் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் கேள்வி, 'எந்த விளம்பரத்தைப் பார்த்தீர்கள், காட்டுங்கள்' என்பது. அதற்குள் அது மறைந்திருக்கும். மெட்டாவின் விளம்பர ஆவணக் களஞ்சியத்தில், அரசியல் விளம்பரம் போன்றவை தவிர மற்றவை ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் தெரியும். ஐரோப்பாவில் மட்டும் ஓடி முடிந்த பிறகும் ஓராண்டு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே சட்டம் அப்படிச் சொல்கிறது. வங்கிக்குப் போனால், உங்கள் அனுமதி இல்லாமல் பணம் போயிருந்தால்தான் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாதுகாக்கும், நீங்களே அனுப்பியிருக்கிறீர்களே என்பார்கள். விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்தவருக்கோ, 'எங்கள் விதிகளை இது மீறவில்லை' என்ற பதில் வருகிறது. அதை எழுதியது மனிதரா, எந்திரமா, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

எனவே நாம் கேட்பது இது: கட்டணம் வாங்கிய விளம்பரத்துக்கு 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்று நாடாளுமன்றம் வெளிப்படையாகத் திருத்தம் கொண்டுவர வேண்டும். சரிபார்க்கப்பட்ட விளம்பரதாரரின் பெயர் ஒவ்வொரு விளம்பரத்திலும் தெரிய வேண்டும். ஓடி முடிந்த விளம்பரங்களைக் குறைந்தது ஓராண்டாவது பொதுப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் விற்ற விளம்பரத்தால் ஒருவர் பணத்தை இழந்தால், விற்ற நிறுவனம் அதைத் திருப்பித் தர வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதல் மூன்றும் காகிதத்தில்தான் இருக்கும். வருவாய் குறையாத எந்த விதியையும் இவர்கள் புன்னகையோடு ஏற்பார்கள். மோசடியைத் தடுக்கும் குழு மொத்த வருவாயில் 0.15 சதவீதத்துக்கு மேல் நட்டம் வைக்கும் நடவடிக்கை எதையும் எடுக்கக் கூடாது என்று 2025-இன் முதல் பாதியில் மெட்டா வரம்பு கட்டியிருந்ததும் அதே ராய்ட்டர்ஸ் செய்தியில் இருக்கிறது.

வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பர வருவாய் மீது 2016 முதல் இருந்த 6 சதவீத சமன்படுத்தும் வரியை, அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கைவிட்டது. வரியில் விட்டுக்கொடுப்பதை அரசின் பேரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். குடிமக்களின் சேமிப்பு பேரத்துக்கு உரிய பொருள் அல்ல. நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள், சைபர் மோசடியில் எவ்வளவு பணம் போனது என்ற வழக்கமான கேள்வியோடு இன்னொன்றையும் எழுத்துமூலம் கேட்க வேண்டும்: இந்தியர்களை ஏமாற்றிய விளம்பரங்களுக்காக எந்தெந்த நிறுவனம் எவ்வளவு கட்டணம் வாங்கியது, அதில் எவ்வளவு திருப்பித் தரப்பட்டது?