படப்பை – ஒரகடம் தொழில் வட்டாரத்துக்குப் பேரிடர் முன்னேற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
படப்பை வட்டாரக் குடியிருப்போர் மற்றும் வணிகர் சங்கத்தினர்,
படப்பை, குன்றத்தூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய உள்துறை அமைச்சகம் (பேரிடர் மேலாண்மைப் பிரிவு),
புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர், காஞ்சிபுரம்.

பொருள்: குடிமைப் பாதுகாப்பு, வெள்ள எச்சரிக்கை, ரசாயன விபத்துத் திட்டம் ஆகியவற்றைப் படப்பை வட்டாரத்துக்கு விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



படப்பை அரசுப் பதிவேட்டில் ஒரு கிராம ஊராட்சி. ஷிப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஐந்து நிமிடம் நின்றவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட்டுகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், டேங்கர் லாரிகள், கன்டெய்னர் வண்டிகள் எல்லாம் எங்கள் கடைவீதியைத் தொட்டுத்தான் போகின்றன. தென்மாவட்டத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் எங்கள் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்த ஊருக்கு ஒரு பேரிடர் வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியதே இம்மனு. புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற சட்டங்கள் எங்கள் ஊர் எல்லைவரை வந்து நின்றுவிடுகின்றன என்பதே எங்கள் முறையீடு.

பேரிடர் மேலாண்மை 2002இல் வேளாண் அமைச்சகத்திடமிருந்து தங்கள் அமைச்சகத்துக்கு வந்தது. சுனாமிக்கு மறு ஆண்டு, 2005இல், அதற்கெனச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்துக்கு 2025இல் கொண்டுவந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. கிழக்கே தாம்பரம் மாநகராட்சி, மேற்கே காஞ்சிபுரம் மாநகராட்சி. இரண்டுக்கும் நடுவில் ஊராட்சிகளாக இருக்கிறோம் நாங்கள். நெரிசலும் ஆலைகளும் நகரத்துக்கு உரியவை, ஏற்பாடுகள் மட்டும் கிராமத்துக்கு உரியவை என்ற நிலை.

1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான். போர்க்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அச்சட்டத்தில் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் பேரிடரையும் சேர்த்தது. 2025 மே 7 அன்று நாடு முழுவதும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்த உத்தரவிட்டீர்கள். தமிழ்நாட்டில் அது கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. அந்தத் தேர்வில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நாட்டின் கார்களும் கைபேசிகளும் பெருமளவில் உருவாகும் வட்டாரம், எதிரிக்கு மட்டுமல்ல, வெள்ளத்துக்கும் தீக்கும் கூட ஒரு இலக்குதான். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்துக்கெனக் குடிமைப் பாதுகாப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்க ஆணையிட வேண்டுகிறோம். மற்ற கோரிக்கைகள் பலவும் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்செல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதையே சுற்றி நடந்தது. சென்னை நகரத்துக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். அதற்கு மேலே இருக்கும் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியது மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் முதலான எங்கள் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரில். செம்பரம்பாக்கத்தில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது, கரையோரத்தில் ஒலிபெருக்கி போகிறது. எங்கள் ஏரிகளின் கலங்கல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஏரி வழியத் தொடங்கினால் அடுத்த ஏரிக்கரையில் இருப்பவருக்குத் தெரிவது வாசலில் தண்ணீர் ஏறிய பிறகுதான்.

ஆகவே அடையாற்றின் தலைப்பகுதி ஏரிகளில் நீர்மட்ட அளவியும் தானியங்கி மழைமானியும் பொருத்தி, அந்த அளவுகள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் அதே நேரத்தில் கீழ்ப்பகுதி ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைக்கும் நீர்த்தேக்கத் திட்டத்துக்குக் கரை உடைப்பு நேர்ந்தால் தண்ணீர் எந்தத் தெருக்களில் எவ்வளவு நேரத்தில் ஏறும் என்ற வரைபடம் தயாரித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருப்பது எங்கள் நல்லூழ். ஆனாலும் 2015இல் நடந்ததை மறக்க முடியாது. அந்தப் படை சென்னையில் மீட்புப் பணியில் இருந்தால், அங்கிருந்து வரும் குழு மூழ்கிய தாம்பரத்தைக் கடந்துதான் எங்களிடம் வர வேண்டும். அந்த நாட்களில் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து ஊர் ஊராக மக்களை மீட்டவர்களில் மீனவர்கள் பலர். அவர்களுக்கு யாரும் ஆணை அனுப்பவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மீட்புப் படையின் ஒரு குழுவைப் படகுகளுடன் படப்பை வட்டாரத்தில் நிறுத்தி வைக்க வேண்டுகிறோம். புயல் சின்னம் உருவான பிறகு அனுப்பும் வழக்கம் கடலோரத்துக்குப் பொருந்தும். ஏரி உடைப்புக்குப் பெயரும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை.

இனி ஆலைகள். எங்களைப் பொறுத்தவரை வெள்ளமும் ரசாயனமும் இரண்டு கோப்புகள் அல்ல. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிராஸ்பி என்ற ஊரில், வெள்ளம் ஒரு ரசாயன ஆலையின் மின்சாரத்தையும் மாற்று ஜெனரேட்டர்களையும் சேர்த்து முடக்கியது. குளிரூட்டி வைத்திருக்க வேண்டிய பெராக்சைடுகள் சூடேறித் தீப்பிடித்தன. சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போதே மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அங்கேயே அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே யாராவது கற்றுத் தந்திருக்க வேண்டும்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த விதிகளில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரத் திட்டத்தை அதிகாரிகள் தயாரிக்கவும், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்து பற்றிய தகவலைத் தெரிவிக்கவும் சொல்கின்றன. 1996ஆம் ஆண்டு விதிகள் தொழிற்பகுதிதோறும் உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன. கோட்டாட்சியர் தலைமையிலான அக்குழுவில் தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர் ஆகியோரோடு ஊர்த் தலைவர், உள்ளூர் மருத்துவர்கள் இருவர், சமூக சேவகர்கள் இருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஆகியோருக்கும் இடம் உண்டு. குடிமைப் பாதுகாப்பின் பிரதிநிதி ஒருவரும் வேண்டும் என்கிறது விதி. பிரிவே இல்லாத இடத்தில் அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

இவ்விதிகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருபவை என்பதை அறிவோம். ஆயினும் ரசாயனப் பேரிடருக்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2007இல் வெளியிட்டது தங்கள் அமைச்சகத்தோடு இணைந்த தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமே. எனவே இரு அமைச்சகங்களும் கலந்து பேசி, எங்கள் வட்டாரக் குழுவின் உறுப்பினர் பெயர்களையும், ஆலைக்கு வெளியேயான திட்டத்தையும் தமிழில் வெளியிடச் செய்ய வேண்டும். அத்திட்டம் வெள்ளக் காலத்தில் எப்படி நடக்கும் என்ற அத்தியாயமும் அதில் இருக்க வேண்டும். ஒத்திகை என்பது காலை பதினொரு மணிக்கு, ஆலை வாசலுக்குள், பேனர் கட்டிப் புகைப்படம் எடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது. இரவு ஷிப்டில், சாலையில் பஸ்கள் அடைத்து நிற்கும்போது ஒரு முறை நடத்திப் பார்த்தால்தான் ஆம்புலன்ஸ் எந்த வழியில் வரும் என்பது விளங்கும்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் இளம் பெண் தொழிலாளர்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே மதிலுக்குள். இவர்களை எங்கே, எந்தச் சாலை வழியாக, எத்தனை மணி நேரத்தில் வெளியேற்றுவது என்பதை மாவட்டத் திட்டத்தில் தனியாக எழுத வேண்டும். சரியான தகவல் உரிய நேரத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் இந்த வட்டாரம் பார்த்தது. பூந்தமல்லி அருகே தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சானதால் பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட, சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி, விடிய விடிய நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. அந்தப் பிள்ளைகள் கேட்டது தோழிகள் உயிரோடு இருக்கிறார்களா என்பதைத்தான்.

கைபேசிக் கோபுர எல்லைக்குள் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையை 2023இல் சோதித்தீர்கள். நல்ல முறை. எங்கள் வட்டாரத்துக்கு அது தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமிய மொழிகளிலும் வர வேண்டும். இன்னொன்றும் உண்டு: பல ஆலைகளில் கைபேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எனவே ஊருக்குள் அபாயச் சங்கும், ஆலைக்குள் ஒலிபெருக்கி இணைப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பேரிடர் மீட்புத் தன்னார்வலர்களுக்கான ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 12 நாள் பயிற்சி. ஒப்பந்தத் தொழிலாளி 12 நாள் வராவிட்டால் சம்பளம் மட்டுமல்ல, சில வேளை வேலையே போகும். ஜெர்மனியில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தொழில்நுட்ப உதவிப் படையில் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. பணிக்கு அழைத்தால் நிறுவனம் அவரை விடுவிக்க வேண்டும், அந்தச் சம்பளத்தை அரசு ஈடுகட்டும். அதுபோன்ற ஏற்பாடு இருந்தால் ஒரகடம் ஆலைகளிலிருந்தே பயிற்சி பெற்ற வெல்டர்களும் கிரேன் ஓட்டுநர்களும் எலெக்ட்ரீஷியன்களும் மீட்புக்குக் கிடைப்பார்கள். இவ்வளவு கைத்தொழில் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் இருந்தும் பயன்படுத்தாமல் இருப்பது வீண்.

நிதி குறித்துச் சுருக்கமாக. சென்னை வடிநில வெள்ளத் தடுப்புக்கு 2023 டிசம்பரில் ரூ.561.29 கோடித் திட்டம் ஒப்புதல் பெற்றது, அதில் ரூ.500 கோடி மத்திய உதவி. மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த ரூ.5,000 கோடித் திட்டமும் அதே ஆண்டு வந்தது. இவ்விரண்டிலும் அடையாற்றின் தலைப்பகுதிக்கும் இந்தத் தொழில் வட்டாரத் தீயணைப்பு நிலையங்களுக்கும் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற கணக்கை ஊராட்சி வாரியாகத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் படப்பையில் ஒரு கூட்டம் கூட்டி, இம்மனுவின் மீது எழுத்து மூலம் பதில் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஏரிகளின் கலங்கல், போக்குக் கால்வாய், தாழ்வான தெருக்கள் ஆகியவற்றைக் காட்ட எங்கள் உறுப்பினர்கள் அதிகாரிகளுடன் நடந்து வரத் தயாராக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
படப்பை, 2025 செப்டம்பர்

நகல்:
தலைமை இயக்குநர், தீயணைப்பு, குடிமைப் பாதுகாப்பு மற்றும் ஊர்க்காவல் படை, புது தில்லி.
வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையர், சேப்பாக்கம், சென்னை.