நீல டிராகனுக்கும் ஓர் எச்சரிக்கைப் பலகை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு, சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன்கள் கரை ஒதுங்கின. சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே வளரும், ஓடில்லாத கடல் நத்தை இது. வெள்ளியும் நீலமும் கலந்த மெல்லிய உடல். இருபுறமும் கொத்துக் கொத்தாக விரல்கள். கண்டவர்களுக்கு உள்ளங்கையில் ஏந்திப் படமெடுக்கத்தான் தோன்றும்.

ஆனால் அந்த விரல்களின் நுனியில்தான் நஞ்சு இருக்கிறது.

அது இந்த நத்தையின் சொந்தச் சரக்கல்ல. கடல் மேற்பரப்பில் நீலக் குமிழிபோல் மிதக்கும் ஃபைசேலியாதான் இதற்குப் பிடித்த இரை. அதைத் தின்னும்போது கொட்டும் செல்களைச் சிதைக்காமல் பிரித்தெடுத்து, தன் விரல் நுனிகளில் அடைத்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் நெருக்கமாகச் சேர்வதால், சில சமயம் ஃபைசேலியா கொட்டுவதைவிட இது கொட்டுவது கடுமையாக இருக்கும். செத்து மணலில் கிடந்தாலும் அந்தச் செல்கள் கொட்டும்.

கடலில் இதன் வாழ்க்கை மல்லாந்தே கழிகிறது. காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு மிதக்கிறது. மேலே தெரியும் நீல வயிறு பறவைகளின் கண்ணுக்குக் கடலோடு கலந்துவிடும். கீழ்நோக்கிய வெள்ளி நிற முதுகு மீன்களின் கண்ணுக்கு வெளிச்சத்தோடு கலந்துவிடும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், இணை சேர்ந்தபின் இரண்டுமே முட்டையிடுகின்றன. போகும் திசையை மட்டும் காற்றும் நீரோட்டமுமே முடிவு செய்கின்றன. கரையை நோக்கிக் காற்று பலமாக வீசினால் இரையும் நத்தையும் சேர்ந்தே வந்து விழுகின்றன.

2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் குவார்டமார் டெல் செகுரா கடற்கரையில் இவை தென்பட்டதும், அவ்வூர் நிர்வாகம் கடலில் குளிக்கத் தடை விதித்தது. அந்த அளவுக்கு இங்கே போக வேண்டியதில்லை. நம் கடற்கரைப் பலகைகள் பெரும்பாலும் அலையைப் பற்றியே எச்சரிக்கின்றன. அவற்றோடு நீல டிராகன், ஃபைசேலியா இரண்டின் படங்களையும் சேர்க்கலாம். 'தொடாதீர்கள்; வெறுங்கையால் எடுத்துக் கடலில் விடவும் முயலாதீர்கள்; கொட்டினால் தேய்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்' என்று தமிழில் எழுதினால் போதும்.

ஃபைசேலியா வலையில் ஏறத் தொடங்கும்போது அது முதலில் தெரிவது மீனவர்களுக்குத்தான். அவர்களிடம் கேட்டு, புயலுக்குப் பிந்தைய நாட்களில் மாநகராட்சி ஒலிபெருக்கியில் அறிவித்தால், சிப்பி பொறுக்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே கவனமாக இருப்பார்கள்.